டிகாக்ஷன் இருக்க எசன்ஸ் எதற்கு?

ரயில்வேயின் பாதைப் பராமரிப்புப் பிரிவில் காலமெல்லாம் தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமா இன்ஜினியர், சங்க இதழில் இனிப்புப் பண்டம் செய்வதைப் பற்றி எழுதுகிறானே என்று அன்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நம் தங்கவயல் வீடுகளில் பகல் நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சம்பாதிக்கும் வயதில் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் ஆகிவிட்டார்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இரவில்தான் வீடு. ஆண்கள் மட்டுமல்ல, மகள்களும் மருமகள்களும் அப்படித்தான். வீட்டில் மிஞ்சுவது பள்ளிக்கூடம் போய்வரும் பேரப்பிள்ளைகளும், என்னைப் போன்ற கிழவர்களும், ஒரு காபி பில்டரும்.

இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வரும் பெண்ணிடம் போய் "ஏதாவது இனிப்பு செய்யம்மா" என்று சொல்வது நியாயமல்ல. பிள்ளைகளோ பெங்களூரின் கண்ணாடிக் கடைகளில் கண்ட காபி புட்டிங், காபி கேக் என்று கேட்கிறார்கள். அங்கே ஒரு சின்னக் கிண்ணத்துக்குக் கேட்கும் விலையில் நம் வீட்டில் இரண்டு நாளைக்குப் பால் வாங்கிவிடலாம். ஆகவே இந்த வேலையை வீட்டில் இருக்கும் பெரியவர்கள், குறிப்பாக ஆண்கள், மத்தியானத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து. கீழே சொல்லும் எதற்கும் அடுப்பின் முன்னால் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. ஓவன் வேண்டாம். எசன்ஸ் பாட்டிலும் வேண்டாம்.

எசன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதில் காபியின் வாசனை இருக்கும், கசப்பு இராது. காபி இனிப்பின் ருசியே சர்க்கரைக்கு எதிரில் நிற்கும் அந்தக் கசப்பில்தான் இருக்கிறது. நல்ல கசப்பும் வாசனையும் ஒருசேர நம் பித்தளை பில்டரில் தினமும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, கடை பாட்டிலுக்கு ஏன் போக வேண்டும்?

காபி இனிப்பு நம் ஊருக்கு அந்நியமான சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையைத் தொடங்கிய பின், வெள்ளைக்காரர் பங்களாக்களும் கிளப்புகளும் இங்கே எழுந்தன. 'குட்டி இங்கிலாந்து' என்றே இந்த ஊருக்குப் பெயர். அந்த பங்களாச் சமையலறைகளில் கஸ்டர்டு, புட்டிங் எல்லாம் அன்றாடம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் சுரங்கத்தில் இறங்கினார்கள். சிலர் பங்களாக்களில் சமையலுக்கும் சேர்ந்தார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அந்தக் கைப்பக்குவத்தை இன்றும் காப்பாற்றி வருகின்றன. இங்கே பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் அம்மையார் ஆங்கிலோ இந்தியச் சமையல் பற்றிப் பல நூல்கள் எழுதியிருக்கிறார்; தங்கவயலின் பழைய வாழ்க்கையைப் பற்றியும் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். பங்களாவின் கஸ்டர்டும் நம் வீட்டு டிகாக்ஷனும் ஒரே ஊரில் நூறு ஆண்டுகளுக்கு மேல் அடுத்தடுத்த தெருவில் இருந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் சேர்ப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிகாக்ஷன் கணக்கு

அகல ரயில்பாதையின் 1676 மில்லிமீட்டர் கணக்கிலேயே வாழ்ந்தவனுக்கு, "கொஞ்சம் காபித்தூள், தேவையான சர்க்கரை" என்று எழுதும் சமையல் குறிப்புகள் பிடிபடுவதில்லை. ஆகவே அளவோடு சொல்கிறேன்.

காபி இனிப்புகள் பெரும்பாலும் கெட்டுப்போவது தண்ணீரால். நாம் குடிக்கும் காபிக்கு இறக்கும் டிகாக்ஷனை அப்படியே கஸ்டர்டில் ஊற்றினால், காபி ருசி வருவதற்கு முன்பே கஸ்டர்டு நீர்த்துவிடும். ருசி போதவில்லையே என்று இன்னும் ஊற்றுவோம், கூழாகிவிடும். எனவே டிகாக்ஷன் அளவில் குறைவாகவும் சத்தில் கெட்டியாகவும் இருக்க வேண்டும். 30 கிராம் தூள், அதாவது குவித்து நான்கு மேஜைக் கரண்டி, பில்டரில் போட்டு லேசாக அமுக்கி, 120 மி.லி. வெந்நீர் ஊற்றுங்கள். தூள் தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மீதி சுமார் 60 மி.லி. கீழே இறங்கும். அந்த 60 மி.லி.தான் நமக்கு வேண்டியது. இரண்டாவது டிகாக்ஷன் குடிப்பதற்கு ஆகும், இனிப்புக்கு ஆகாது. இறங்க இருபது நிமிடம் பிடிக்கும்; தட்டித் தட்டி அவசரப்படுத்த வேண்டாம்.

இங்கே நம் ஊருக்கு ஒரு சிறு சலுகை உண்டு. தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2800 அடி உயரத்தில் இருப்பதால், சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இங்கே 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். காபி இறக்க 92 முதல் 96 டிகிரி வரை உள்ள நீர் உத்தமம் என்பார்கள். ஆகவே கொதி அடங்கியதும் உடனே ஊற்றலாம். சென்னையில் உள்ள உறவினர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பினால், ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

எந்தத் தூள்? சிக்கரி கலந்ததைக் குடிக்க மாட்டேன் என்று சிலர் விரதம் பூண்டிருப்பார்கள். குடிப்பதற்கு அது சரியாக இருக்கலாம். இனிப்புக்கோ 70 பங்கு காபி, 30 பங்கு சிக்கரி கலந்த தூளே எடுப்பாக இருக்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்ந்து சுத்தக் காபியின் நுண்ணிய மணத்தை அமுக்கிவிடும். சிக்கரியின் நிறமும், கருகிய சர்க்கரை போன்ற ருசியும் மேலே நிற்கும். கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். எத்தனை காபி, எத்தனை சிக்கரி என்பதை உறையின் மேல் அச்சிட்டிருக்கவும் வேண்டும். வாங்கும்போது பாருங்கள்.

காபி கஸ்டர்டு

முதலில் இதைச் செய்து கை பழக்கிக்கொள்வது நல்லது. கஸ்டர்டு பவுடர் என்பது வேறொன்றுமில்லை. கார்ன்ஃப்ளோர், மஞ்சள் நிறம், வெனிலா வாசனை, அவ்வளவுதான். 1837-இல் இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக முட்டையில்லாமல் இதைக் கண்டுபிடித்தார். நமக்கு மஞ்சள் நிறம் வேண்டாம் என்பதால் வெறும் கார்ன்ஃப்ளோர் போதும். கடையில் கேட்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும் மாவுதானா என்று பார்த்து வாங்குங்கள். மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மாவு வேறு, அது இதற்கு உதவாது.

450 மி.லி. பால் எடுத்துக்கொள்ளுங்கள். 3 சதவீதம் கொழுப்புள்ள டோன்டு பாலைவிட 4.5 சதவீதம் உள்ளது நன்றாக வரும். அதிலிருந்து ஒரு சின்ன டம்ளர் பாலைக் காய்ச்சாமல் தனியே வைத்து, அதில் மூன்று மேஜைக் கரண்டி, அதாவது சுமார் 30 கிராம் கார்ன்ஃப்ளோரைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலில் மாவை நேராகக் கொட்டினால் ஒவ்வொரு துளியும் வெளியே வெந்து உள்ளே வேகாமல் கட்டிகட்டியாகிவிடும். மீதிப் பாலை அடிகனமான பாத்திரத்தில் ஐந்து மேஜைக் கரண்டி சர்க்கரையுடன் காய்ச்சி, கொதி வரும் சமயம் கரைத்த மாவை மறுபடி ஒரு கலக்குக் கலக்கி ஊற்றி, சிறு தீயில் கிளறுங்கள். முதல் குமிழி 'பொளக்' என்று வெடித்த பிறகும் இரண்டு நிமிடம் விடாமல் கிளற வேண்டும். அதற்குள் இறக்கினால் பச்சை மாவு வாசனை நிற்கும். ஆறிய பின் தண்ணீரும் விடும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் டிகாக்ஷன். 60 மி.லி.யையும் ஊற்றிக் கலந்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். முந்தின நாள் டிகாக்ஷன் வேண்டாம். புளிப்பேறிய டிகாக்ஷனும் சற்று வயதான பாலும் சேர்ந்தால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கசப்பின் முனை மழுங்கும். சூடாக இருக்கும்போது ருசி பார்த்தால் தித்திப்பு ஒரு மாற்று கூடுதலாகவே தெரிய வேண்டும். குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகப் படும் என்பதுதான் காரணம். ஆறு கிண்ணங்களில் ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம். கெட்டியான பின் கரண்டியால் கிளறிப் பார்க்காதீர்கள். ஒருமுறை உடைந்த கெட்டி மறுபடி சேராது.

மேலே வறுத்த முந்திரி தூவலாம். ஏலக்காய் போடலாமா என்று கேட்பார்கள். அரபு நாட்டில் காபியும் ஏலமும் சேர்ந்தே இருக்கும். ஆனால் நம் நாக்குக்கு ஏலம் என்றால் பாயசம். போட்டதும் காபி பின்னுக்குப் போய்விடுகிறது. நான் போடுவதில்லை.

குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு

சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது 1902-இல். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-இல்தான். அவ்வளவு பெருமை இருந்தும் குளிர்பெட்டி இல்லாத வீடுகள் நம்மிடையே உண்டு, மின்வெட்டும் உண்டு. அந்த நாட்களுக்குச் சைனா கிராஸ் என்னும் கடல்பாசி கை கொடுக்கும். சீனப் பெயர் இருந்தாலும், இந்தப் பண்டத்துக்கான பாசி நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது. ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கி அதைச் சேகரிக்கிறார்கள். ஜெலட்டின் மிருகத்தின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. இது தாவரம் என்பதால் சைவ வீடுகளுக்கும் ஏற்றது.

இதன் குணம் விசித்திரமானது. உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். உறைவதற்கோ 40 டிகிரிக்குக் கீழே வந்தால் போதும். அதாவது மேஜை மேலேயே உறைந்துவிடும். மே மாத வெயிலிலும் உருகாது. 10 கிராம் சைனா கிராஸைக் கத்தரியால் துண்டாக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அதே நீரோடு சிறு தீயில் முழுதும் கரையும்வரை காய்ச்சுங்கள். பக்கத்து அடுப்பில் அரை லிட்டர் பாலும் ஆறு மேஜைக் கரண்டி சர்க்கரையும் சூடாக இருக்கட்டும். பால் ஆறியிருந்தால், ஊற்றிய மறுகணமே நூல் நூலாக உறைந்து சேமியா போல் ஆகிவிடும். சூட்டோடு சூடாக வடிகட்டி ஊற்றிக் கலந்து, இறக்கி, கடைசியில் டிகாக்ஷன். நெய் தடவ வேண்டாம், தட்டை நீரில் நனைத்தால் போதும். தட்டில் ஊற்றி ஒரு மணி நேரத்தில் வில்லைகளாக வெட்டலாம். பிறந்தநாளுக்கு இருபது பிள்ளைகள் வந்தாலும் சமாளிக்க இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரியாது. ஒரே குறை, மறுநாள் லேசாக நீர் கசியும். அன்றன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

இட்லிப் பானையில் பங்களா கஸ்டர்டு

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இது. இரண்டு முட்டை, 200 மி.லி. வெதுவெதுப்பான பால், 50 மி.லி. டிகாக்ஷன், நான்கு மேஜைக் கரண்டி சர்க்கரை. நுரை எழாமல் கலந்து வடிகட்டிக்கொள்ளுங்கள். மூன்று கரண்டி சர்க்கரையைத் தனியாக ஒரு சின்ன அலுமினியப் பாத்திரத்தில் தேன் நிறம் வரும்வரை உருக்கி அடியில் பரப்பி, அது இறுகியதும் இந்தக் கலவையை ஊற்றி, மேலே தட்டு மூடி, இட்லிப் பானையில் வையுங்கள். தட்டு மூடாவிட்டால் ஆவி நீர் சொட்டி மேல்புறம் பள்ளமாகும்.

முட்டை 80 டிகிரியைச் சுற்றியே உறைந்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறினால் உறைந்தது சுருங்கி, உள்ளேயிருக்கும் நீரை வெளியே தள்ளி, ஓட்டை ஓட்டையாகிவிடும். எனவே இட்லிக்குப் போல் தீயைப் பெரிதாக வைக்கக் கூடாது. தண்ணீர் சலசலக்காமல் ஆவி மட்டும் வரும் அளவுக்குச் சிறு தீ, இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். நடுவில் லேசாக ஆடினாலும் எடுத்துவிடலாம். ஆறும்போது அது இறுகிக்கொள்ளும். குக்கரில் வெயிட் போட்டு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும், கஸ்டர்டு பிழைக்காது.

அடுப்பே வேண்டாம் என்றால் இரண்டு வழி இருக்கிறது. இத்தாலிக்காரர்கள் ஐஸ்கிரீமின் மேல் சூடான கெட்டி டிகாக்ஷனை ஊற்றி 'அஃபோகாட்டோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூழ்கடித்தது என்று பொருளாம். ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமுக்கு இரண்டு மேஜைக் கரண்டி டிகாக்ஷன். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டாவது, இத்தாலியின் ட்ரெவிசோ பக்கத்தில் 1970-களில் பெயர் பெற்ற டிராமிசுவின் ஏழை உறவு. அதில் விலை உயர்ந்த பாலாடைக்கட்டியும் பச்சை முட்டையும் சேரும். நாம் அரை லிட்டர் கெட்டித் தயிரை மூன்று மணி நேரம் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்த தயிரில் நான்கு மேஜைக் கரண்டி பொடித்த சர்க்கரை கலந்துகொள்வோம். மாரி பிஸ்கட்டைச் சர்க்கரை போட்ட டிகாக்ஷனில் ஒரு முக்கு முக்கி எடுத்து அடுக்கி, மேலே தயிர், மறுபடி பிஸ்கட், மறுபடி தயிர். ஒன்று என்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இரண்டு என்று எண்ணினால் பிஸ்கட் உங்கள் கையில் இராது. நான்கு மணி நேரம் குளிர்ந்தால் கேக் போலவே வெட்ட வரும். புளிக்காத தயிர் முக்கியம்.

2020-இல் ஊரடங்கின்போது பயணிகள் ரயில்கூட நின்றுபோய், பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் அடைந்திருந்த சமயம், டல்கோனா என்று ஒரு நுரைக் காபி உலகமெங்கும் பரவியது நினைவிருக்கும். இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு, கை ஓயும்வரை அடித்தால் வெண்ணெய் போல் திரளும். அதை மட்டும் நம் டிகாக்ஷனில் செய்ய முடியாது. அவ்வளவு கெட்டியான கரைசல் பில்டரில் இறங்காது. மேலே சொன்ன கஸ்டர்டின் மேல் அந்த நுரையை ஒரு கரண்டி வைத்தால் கண்ணாடிக் கடை தோற்றுப்போகும்.

பிள்ளைகளின் கிண்ணம்

இனிப்பு என்ற பெயரில் இருந்தாலும் உள்ளே இருப்பது காபிதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 கிராம் கலவைத் தூளில் காபி 21 கிராம். அரபிகா என்றால் அதில் சுமார் 1.2 சதவீதமும், ரோபஸ்டா என்றால் சுமார் 2.2 சதவீதமும் காஃபீன் இருக்கும். முழுவதும் டிகாக்ஷனில் இறங்காது. இறங்குவதை ஆறு கிண்ணமாகப் பிரித்தால், தூளைப் பொறுத்துக் கிண்ணத்துக்கு 40 முதல் 70 மில்லிகிராம் வரை என்று கொள்ளலாம். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது; கர்ப்பிணிகளுக்கு 200. குழந்தைகளுக்கு அது சொல்லும் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பேரனுக்கு மொத்தமே 60 என்று ஆகிறது. ஒரே கிண்ணத்தில் அந்த நாளின் கணக்கு முடிந்துவிடலாம். அதையும் அம்மா வரட்டும் என்று காத்திருந்து இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால், வீட்டில் யாரும் தூங்கின மாதிரிதான். அந்த அம்மா மறுநாள் விடியற்காலையில் மறுபடி ரயில் பிடிக்க வேண்டும்.

இதற்கு வழி சிக்கரியிலேயே இருக்கிறது. சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. அதில் காஃபீன் அறவே கிடையாது. நிறம், கசப்பு, வறுத்த மணம் எல்லாம் உண்டு. காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடைகளில் தனியாகக் கேட்டால் கொடுப்பார்கள். பில்டரில் தனியாகப் போட்டால் அடைத்துக்கொள்ளும். இரண்டு தேக்கரண்டி சிக்கரியில் 60 மி.லி. வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளுங்கள். கஸ்டர்டோ சைனா கிராஸோ, பாலும் சர்க்கரையும் மேலே சொன்ன அளவேதான். நான் ஒரே அடுப்பில் கஸ்டர்டைக் காய்ச்சி இறக்கி, இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றில் பாதி அளவு டிகாக்ஷனும் மற்றொன்றில் பாதி அளவு சிக்கரிச் சாறும் கலக்கிறேன். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால், பிள்ளைகளுக்கானதை எவர்சில்வர் கிண்ணத்திலும் பெரியவர்களுக்கானதைக் கண்ணாடிக் கிண்ணத்திலும் ஊற்றிவிடுங்கள். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். முட்டை சேர்த்தது மட்டும் மறுநாளோடு சரி.